சுங்கம் சேர்த்த சோழர்கள்

1995 ஜூலை 31 அன்று கல்கத்தா ரைட்டர்ஸ் பில்டிங்கிலிருந்து மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு, டெல்லியிலிருந்த மத்தியத் தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் செல்போனில் பேசினார். இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு இதுதான் என்று பொது அறிவுப் புத்தகங்கள் எழுதிவைத்திருக்கின்றன. பில் எவ்வளவு வந்தது என்பதை மட்டும் எழுதவில்லை. அன்றைய கட்டணம் நிமிடத்துக்கு 8 ரூபாய் 40 காசு. கூட்ட நேரத்தில் அது அப்படியே இரட்டிப்பாகி 16 ரூபாய் 80 காசு. கூப்பிட்டவருக்கும் மீட்டர் ஓடும், எடுத்தவருக்கும் மீட்டர் ஓடும். வாழ்நாளெல்லாம் முதலாளித்துவத்தை எதிர்த்த ஒரு கம்யூனிஸ்ட் தலைவரின் கையாலேயே கம்பெனிகள் கல்லாவைத் திறந்து வைத்துக்கொண்டன. உபரி மதிப்பை இவ்வளவு கச்சிதமாக, நிமிடக் கணக்கில் விளக்க மார்க்ஸாலும் முடிந்ததில்லை.

மறுமுனையில் இருந்த சுக்ராமுக்கு வேறு வகை இன்கமிங்கும் நிறைய இருந்தது. அடுத்த வருடமே சி.பி.ஐ. அவர் வீடுகளில் சோதனை போட்டு 3 கோடியே 60 லட்சம் ரூபாய் ரொக்கத்தை எண்ணி எடுத்தது. பின்னாளில் நீதிமன்றம் தண்டனையும் கொடுத்தது. ஆக, இந்தியச் செல்போன் வரலாற்றின் முதல் வாடிக்கையாளர் ஜோடியில் ஒருவர் பணம் கட்டுவதைக் கொள்கையளவில் எதிர்த்தவர், இன்னொருவர் வாங்குவதைக் கொள்கையாகவே வைத்திருந்தவர். இந்தத் தொழில் பிற்காலத்தில் எப்படி விளங்கும் என்பதற்கு இதைவிட நல்ல சகுனம் வேண்டியதில்லை.

அரசாங்கம் நாட்டை வட்டங்களாகப் பிரித்து, வட்டத்துக்கு இரண்டு கம்பெனி என்று உரிமம் கொடுத்தது. சென்னை ஒரு வட்டம், மிச்சத் தமிழ்நாடு இன்னொரு வட்டம். சென்னைக்கு ஸ்கைசெல், ஆர்.பி.ஜி. செல்லுலார் என்று இரண்டு ராஜாக்கள். மிச்ச நாட்டில் 1999-ல் சிவசங்கரனின் ஏர்செல் கொடி நாட்டியது. சென்னையில் வாங்கிய போனோடு பஸ் ஏறி வட்டத்தின் எல்லையைத் தாண்டினால் ரோமிங். திண்டிவனத்தில் இறங்கியவர் செல்போனைப் பொறுத்தவரை வெளிநாட்டுப் பயணி.

அந்தக் காலத்தில் செல்போன் வைத்திருந்தவர்கள் பேசினார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். பெல்ட்டில் தோல் உறை, உறைக்குள் செங்கல். மணி அடித்ததும் எடுத்து எண்ணைப் பார்ப்பார்கள், கட் செய்வார்கள், பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி அங்கிருந்து கூப்பிடுவார்கள். பத்தாயிரக்கணக்கில் கொட்டி வாங்கிய கருவியை மஞ்சள் போர்டு போட்ட பூத்துக்கு வழிகாட்டியாக வைத்திருந்த ஒரே நாகரிகம் நம்முடையதுதான். விசுவாசம் என்ற பேச்சுக்கே அப்போது இடமில்லை. ஒரு கம்பெனியிடம் கோபித்துக்கொண்டு இன்னொன்றிடம் போனால், அவரும் அதே விலையைச் சொல்லி, கூடவே உட்காரச் சொல்வார்.

ராஜாக்கள் கதையும் சுகமில்லை. உரிமத்துக்கான ஏலத்தில் கை தூக்கும்போது வீறாப்பாகத் தூக்கிவிட்டார்கள். பிறகு உரிமக் கட்டணத்தைக் கட்ட முடியவில்லை. சாமி, மொத்தமாகக் கட்ட வழியில்லை, வருகிற வருமானத்தில் ஒரு பங்கு தருகிறோம் என்று அரசாங்கத்தின் காலில் விழுந்தார்கள். 1999 புதிய தொலைத்தொடர்புக் கொள்கை சரி என்றது. எல்லாம் சுபம். வருமானம் என்றால் எது வருமானம் என்ற ஒரு சின்னக் கேள்வி மட்டும் பாக்கி நின்றது. கால் கட்டணம் மட்டுமா, வட்டியும் வாடகையும் பழைய சாமான் விற்ற காசும் சேர்த்தா? இந்தச் சின்னக் கேள்வியை எடுத்துக்கொண்டு இரு தரப்பும் கோர்ட்டுக்குப் போயின. வழக்கு ஓடட்டும், 2019-ல் போய்ப் பார்த்துக்கொள்வோம்.

2002 கடைசியில் காட்சி மாறியது. அக்டோபரில் பி.எஸ்.என்.எல். செல்போன் விற்க வந்தது. டிசம்பர் 28-ல், திருபாய் அம்பானியின் பிறந்த நாளில், ரிலையன்ஸ் வந்தது. போஸ்ட் கார்டு விலையைவிடக் குறைவாகப் பேச வைக்கிறேன் என்பது திருபாயின் கனவு என்று ஊரெல்லாம் சொன்னார்கள். கனவைத் தூக்கிக்கொண்டு மகன்கள் 2003 மழைக்காலத்தில் 501 ரூபாய் முன்பணத்துக்குக் கையில் போன் கொடுத்தார்கள். மிச்சத்தைத் தவணையில் கட்டலாம்.

இந்திய மக்கள் ஒப்பந்தம் போட்டு செல்போன் வாங்கிய பெரிய சம்பவம் அநேகமாக இது ஒன்றுதான். வெள்ளைக்காரர்கள் இரண்டு வருடக் கையெழுத்துப் போட்டுவிட்டு, நடுவில் விலை ஏறினாலும் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டி முடிக்கிறார்களாமே, அந்த மாதிரி ஏற்பாடு. அந்த போனில் சிம் கார்டு கூடக் கிடையாது. எண்ணே போனுக்குள் புதைந்திருக்கும், கம்பெனியை மாற்ற வேண்டுமென்றால் போனைத் தூக்கிப் போட வேண்டும். விசுவாசத்தைக் கழற்ற முடியாதபடி ஈயம் பற்றவைத்தே விற்றார்கள். நம் ஆட்களும் சளைத்தவர்கள் இல்லை. 501 ரூபாயைக் கட்டி, வாய் வலிக்கிறவரை பேசி, பில் வந்ததும் முகவரியில் இல்லாமல் போனார்கள். கம்பெனி பல கோடியை வாராக்கடனில் எழுதியது. நம்மிடம் ஒப்பந்தம் போட வந்தவர்களை ப்ரீபெய்டு கார்டு பக்கம் ஓட வைத்த பெருமை அந்த மகான்களையே சேரும்.

2003 மே 1-ம் தேதி வந்தது இன்கமிங் இலவசம். கூப்பிடுகிறவர் மட்டும் கட்டினால் போதும். முதலாம் குலோத்துங்கன் சுங்க வரியை நீக்கியதற்காக அவனுக்குச் சுங்கம் தவிர்த்த சோழன் என்று பட்டம் கொடுத்த பரம்பரை நம்முடையது. சரித்திரம் படித்த யாராவது கம்பெனியில் இருந்திருந்தால் இந்த இனத்துக்குச் சலுகை கொடுத்தால் என்ன நடக்கும் என்று எச்சரித்திருப்பார்கள். நடந்தது மிஸ்டு கால்.

ஒரு ரிங் விட்டு வைத்தால் கிளம்பிவிட்டேன். இரண்டு ரிங் என்றால் பஸ் ஸ்டாண்டு வந்தாயிற்று. மூன்று என்றால் சாப்பாடு எடுத்து வை. காதலர்களுக்குத் தனி அகராதி. கொத்தனார் மேஸ்திரிக்கு விட்ட மிஸ்டு காலில் மணல் லாரி வந்து நின்றது. மாமியாருக்கு மருமகன் விட்டால் மரியாதைக் குறைவு, மருமகனுக்கு மாமியார் விட்டால் உரிமை. கோடிக்கணக்கில் செலவு செய்து டவர் நட்டு வைத்தால், அதில் ஒரு பைசா கொடுக்காமல் ஒரு முழு மொழியையே ஓட்டிக்காட்டினோம். சோழன் சுங்கத்தைத் தவிர்த்தான், நாம் சோழனையே தவிர்த்தோம்.

கம்பெனிகள் தலையைச் சொறிந்தன. இன்கமிங்குக்காக மட்டுமே போன் வைத்திருக்கிற இந்த ஜனத்திடம் எப்படிக் காசு பறிப்பது? 2005 டிசம்பரில் விடை கிடைத்தது: 999 ரூபாய் கட்டு, ஆயுள் முழுக்க இன்கமிங். ஊரே திரண்டது. ரீசார்ஜ் கவலை விட்டது என்று தாத்தாக்கள் ஆசீர்வாதம் செய்தார்கள். விலை சரிந்து சரிந்து, கடைசியில் நூறு ரூபாய்க்குள்ளும் ஆயுள் கிடைத்தது. யாருடைய ஆயுள் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. நமது ஆயுள் இல்லை, சிம்மின் ஆயுளும் இல்லை. கம்பெனியின் உரிமம் எத்தனை வருடம் செல்லுபடியாகிறதோ அத்தனை வருடம் என்று சின்ன எழுத்தில் இருந்தது. ஜாதகம் பார்க்காமல் கல்யாணம் செய்யாத ஊரில், உரிமத்தின் ஜாதகத்தை ஒருவரும் பார்க்காமல் 999 ரூபாயை எண்ணிக் கொடுத்தோம்.

இதே காலத்தில் ஒரு நாய்க்குட்டி வந்தது. ஹட்ச் கம்பெனி விளம்பரத்தில், சின்னப் பையன் போகிற இடமெல்லாம் சப்பை மூக்கு பக் நாய் ஒன்று பின்னாலேயே போகும். நீ எங்கே போனாலும் எங்கள் நெட்வொர்க் உன் பின்னால் வரும் என்பது கருத்து. விசுவாசத்தை இந்த நாட்டில் முதலில் அறிவித்தது வாடிக்கையாளர் இல்லை, கம்பெனிதான் என்பதைக் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டில் அந்த நாய்க்கு விலை ஏறியது. கேட்ட விலை கொடுத்து வாங்கி, சித்திரை வெயிலில் அது மூச்சு வாங்குவதைப் பார்த்து ஃபேன் போட்டார்கள். 2007 செப்டம்பரில் ஹட்ச் வோடஃபோனாக மாறியது. நாய் இளஞ்சிவப்புக் கூண்டிலிருந்து சிவப்புக் கூண்டுக்குக் குடிபோய் வாலாட்டியது. எஜமானன் மாறினாலும் நன்றி மாறாது என்று சொல்லவந்தார்களோ என்னவோ, நமக்கு வேறு மாதிரிதான் கேட்டது.

பிறகு வந்தது சில்லறை யுகம். பெட்டிக்கடையில் பத்து ரூபாய்க்கு டாப்-அப் செய்தால் ஏழு ரூபாய் சொச்சம் ஏறும். மிச்சம் வரி, செயலாக்கக் கட்டணம். முழுசாக ஏற வேண்டுமா, ஃபுல் டாக் டைம் என்று விசித்திரமான ஒரு தொகை இருக்கும், கடைக்காரருக்கு மட்டும் மனப்பாடம். கட்டணத்தைக் குறைக்கிற ரேட் கட்டர் கார்டு போடாமல் பேசுகிறவன் முட்டாள். ரேட் கட்டர் போட்டு, அது நேற்றோடு முடிந்தது தெரியாமல் பேசுகிறவன் முழு முட்டாள். எஸ்.எம்.எஸ். பேக் போட்டால் வருடம் முழுக்க மெசேஜ் சல்லிசு. தீபாவளி, பொங்கல், புத்தாண்டு மட்டும் விதிவிலக்கு, அன்று முழுக் காசு. வாழ்த்து அனுப்பத் தேவைப்படுகிற நாளைத் தவிர மற்ற நாளெல்லாம் வாழ்த்து இலவசம். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பே தமிழர்கள் ஒருவருக்கொருவர் தீபாவளி கொண்டாடத் தொடங்கியது அப்போதுதான். காலர் டியூன் வேறு. எந்தப் பொத்தானை எப்போது அழுத்தினோம் என்றே தெரியாது, மாதம் முப்பது ரூபாய் போய்க்கொண்டிருக்கும். கூப்பிடுகிறவர் பாட்டுக் கேட்க நாம் காசு கட்டினோம், நமக்கு அது கேட்கவும் கேட்காது.

2009-ல் தென்னிந்தியாவில் கடை விரித்த டாடா டொகோமோ, நொடிக்கு ஒரு பைசா என்றது. அதுவரை ஒரு நிமிடம் ஒரு நொடி பேசினாலும் இரண்டு நிமிடக் காசு. அந்த ஐம்பத்தொன்பது நொடியை எத்தனை வருடம் கொடுத்திருக்கிறோம் என்று கணக்குப் போட்டு மக்கள் கொதித்தார்கள். மற்றக் கம்பெனிகள் ஆரம்பத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கொஞ்ச நாளில் ஒவ்வொன்றாக நொடிக்கு வந்தன. டொகோமோ அதோடு நிற்கவில்லை, எழுத்துக்கு ஒரு பைசா என்று எஸ்.எம்.எஸ். விற்றது. ஏற்கெனவே உயிரெழுத்தை எல்லாம் விழுங்கி ஆங்கில எழுத்தில் தமிழ் அனுப்பிக்கொண்டிருந்த இளைஞர்கள் மெய்யெழுத்தையும் விழுங்கத் தொடங்கினார்கள்.

அதற்குள் சந்தையில் ஒரு டஜன் கம்பெனி. இரண்டு சிம் போடுகிற சீனப் போன் வந்துவிட்டதால் ஆம்பளைகள் பலர் முருகன் மாதிரி வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று என்று நின்றார்கள். ஒன்று பேச, ஒன்று வாங்க. இந்தக் கூட்டத்தில் பாதியை 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்து கலைத்துவிட்டது. அந்த 2ஜி அலைக்கற்றைக் கதை தமிழ்நாட்டுக்கு நன்றாகத் தெரியும், ஒரு தேர்தலே அதில் போனது. 2017-ல் எல்லோரும் விடுதலை என்று தீர்ப்பு வந்தது. உரிமங்கள் திரும்பி வரவில்லை.

நடுவே ஒரு புரட்சி. 2010 நவம்பரில் ஹரியானாவில் தொடங்கி, 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுக்க, எண்ணை மாற்றாமல் கம்பெனியை மாற்றலாம் என்று ஆனது. PORT என்று அடித்து 1900-க்கு அனுப்பினால் போதும், கட்டணம் அப்போது 19 ரூபாய். பத்து இலக்கம் நம்முடையது, கம்பெனி வெறும் வாடகைக்காரன். இதை நாம் விடுதலை என்று நினைத்தோம். அந்த மெசேஜ் போன ஐந்தாவது நிமிடம் தேனில் நனைத்த குரல் ஒன்று கூப்பிடும். “சார், ஏன் சார் எங்களை விட்டுப் போறீங்க? உங்களுக்காக ஸ்பெஷல் பிளான் ஒண்ணு இருக்கு சார்.” அந்தப் பிளான் எந்தப் போஸ்டரிலும் இருக்காது, எந்தக் கடைக்காரருக்கும் தெரியாது. பத்து வருடமாக ஒழுங்காகக் கட்டியவருக்கு முழு விலை, ஓடப் பார்த்தவருக்குப் பாதி விலை. விசுவாசத்துக்குத் தண்டனை, துரோகத்துக்குத் தள்ளுபடி என்பது இவ்வளவு நாசூக்காக வேறெந்த வியாபாரத்திலும் இல்லை.

நான் மிகைப்படுத்துவதாக நினைக்கலாம். ஆளுக்கொரு ரகசியச் சலுகை கொடுக்கிறீர்களே, விவரம் கொடுங்கள் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018-ல் கேட்டது. ஏர்டெல்லும் ஐடியாவும் தீர்ப்பாயத்துக்குப் போய் அந்த உத்தரவை ரத்து செய்ய வைத்தன. வாடிக்கையாளர் போய்விடாமல் தக்கவைக்கக் கொடுப்பது விலைப்பட்டியலில் சேராது என்பது வாதம். கடைசியில் 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம், டிராயிடமாவது சொல்லுங்கள் என்றது. டிராயிடம். நம்மிடம் இல்லை.

2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ வந்தது. டிசம்பர் வரை எல்லாம் இலவசம் என்றார்கள். டிசம்பர் வந்ததும் புத்தாண்டுப் பரிசாக மார்ச் வரை இலவசம். அதுவரை ஒரு ஜி.பி.யை இருநூற்றைம்பது ரூபாய்க்கு வாங்கி, மாதம் முழுக்க நெய் ஊற்றுகிற அளவில் சொட்டுச் சொட்டாகச் செலவழித்தவர்கள் நாம். குட்மார்னிங் ரோஜாப்பூவைத் தரவிறக்கலாமா வேண்டாமா என்று வீட்டில் கலந்தாலோசித்த இனம். இலவச சிம்முக்காக விடிகாலையிலேயே வரிசையில் நின்றது. ஐந்தரை மாதத்தில் பத்துக் கோடிப் பேர். மற்றக் கம்பெனிகளிடம் நமக்கு இருந்த நீண்ட நாள் உறவு, பழக்கம், பாசம் எல்லாம் ஒரு ஆதார் நகல் எடுக்கிற நேரத்தில் முடிந்தது.

2017 மார்ச்சில் விழா முடிந்து பந்தி மடித்தபோது, 99 ரூபாய் கட்டி பிரைம் உறுப்பினராகுங்கள் என்றது ஜியோ. விசுவாசிகளுக்குச் சிறப்புச் சலுகை, ஆனால் விசுவாசி ஆவதற்குக் கட்டணம். கோவிலில்கூடச் சிறப்பு தரிசனத்துக்குத்தான் சீட்டு வாங்குகிறோம், பக்திக்கு வாங்குவதில்லை. கட்டினோம். குரல் அழைப்புக்கு ஜியோ வாடிக்கையாளர் இனி காசே தர வேண்டாம் என்பது தொடக்க நாள் வாக்குறுதி. 2019 அக்டோபரில் அடுத்த கம்பெனிக்குப் பேசினால் நிமிடத்துக்கு 6 பைசா என்று அது மாறியது. என்றென்றும் என்பதன் நீளம் மூன்று வருடம் ஒரு மாதம். அந்த 6 பைசா, அழைக்கிறவரின் கம்பெனி எடுக்கிறவரின் கம்பெனிக்குக் கொடுக்க வேண்டிய காசு. 2021 ஜனவரியில் அந்த ஏற்பாடே முடிந்து பேச்சு மறுபடி இலவசமானது.

இங்கே ஒரு கிளைக்கதை உண்டு, அதை விட மனசில்லை. அந்த 6 பைசா சண்டையின்போது ஜியோ தன்னிடமிருந்து போகிற அழைப்பு மணியின் நேரத்தை இருபது, இருபத்தைந்து நொடியாகக் குறைத்தது. மணி சீக்கிரம் நின்றுபோனால் எதிராளி போனைத் தேடி எடுப்பதற்குள் அது மிஸ்டு கால் ஆகிவிடும். அவர் திருப்பிக் கூப்பிடுவார். அப்போது 6 பைசா அவர் கம்பெனியிலிருந்து இங்கே வரும். அநியாயம் என்று ஏர்டெல் டிராயிடம் புகார் செய்தது, செய்துவிட்டுத் தானும் மணியைக் குறைத்தது. நவம்பரில் டிராய் தலையிட்டு, செல்போனுக்கு முப்பது நொடி, வீட்டுப் போனுக்கு அறுபது நொடி மணி அடிக்க வேண்டும் என்று விதி எழுதியது. பல லட்சம் கோடி மதிப்புள்ள கம்பெனிகள், எம்.பி.ஏ. படித்த மேலாளர்கள், கடைசியில் வந்து சேர்ந்த வியாபார உத்தி நம்ம கொத்தனாரின் மிஸ்டு கால். காப்புரிமை வாங்கிவைக்காமல் போனது நம் தவறு.

ஜியோவின் சூறாவளியில் ராஜ்யங்கள் சரிந்தன. ஜியோ திருபாயின் மூத்த மகனுடையது, தம்பியிடம் இருந்த பழைய ரிலையன்ஸ் கம்பெனி மூடியது. டொகோமோ ஏர்டெல்லுக்குள் கரைந்தது. வோடஃபோனும் ஐடியாவும் விழாமலிருக்க ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகொண்டன. தமிழ்நாட்டுக்கு வலித்தது ஏர்செல். கோயம்புத்தூரிலும் திருநெல்வேலியிலும் முதல் போன் என்றால் ஏர்செல்தான். சென்னை சூப்பர் கிங்ஸ் சட்டையில் நெஞ்சில் இருந்த பெயர். தடை முடிந்து சி.எஸ்.கே. திரும்பி வந்த அதே 2018-ல் ஏர்செல் போய்ச் சேர்ந்தது.

போன விதம்தான் அமர்க்களம். பிப்ரவரி கடைசியில், பாக்கி கட்டாததால் டவர்கள் அணைந்தன. வேறு கம்பெனிக்குப் போக வேண்டுமென்றால் 1900-க்கு மெசேஜ் அனுப்ப வேண்டும். மெசேஜ் அனுப்ப சிக்னல் வேண்டும். சிக்னல் இருந்தால் எதற்கு அய்யா போகப் போகிறோம்? சாவி வீட்டுக்குள், வீடு பூட்டு. ஏர்செல் கடைகளின் வாசலில் கூட்டம், தள்ளுமுள்ளு, காவலுக்குப் போலீஸ். கடையிலிருந்த பையன்கள் பதில் சொல்ல முடியாமல் ஷட்டரைப் பாதி இறக்கினார்கள். கிட்டத்தட்ட இருபது வருடம் கூடவே இருந்தவர்களுக்கு அந்தக் கம்பெனி செய்த கடைசி மரியாதை, போக விடாமல் பிடித்துக்கொண்டதுதான். அந்த மாதத்தின் கடைசி நாள் திவால் மனு போட்டது.

ஆனால் அந்த ஒரு வாரத்தில் கம்பெனிகளுக்கு ஒரு ஞானோதயம் கிடைத்திருக்க வேண்டும் என்பது என் சந்தேகம். சிக்னல் போனதற்கு ஜனங்கள் அழவில்லை, எண் போய்விடுமோ என்றுதான் அழுதார்கள். பேங்க் ஓ.டி.பி. அந்த எண்ணுக்கு வரும். ஆதார், கேஸ் சிலிண்டர், ரேஷன் கார்டு, பெண் பார்த்தவர்கள் கொடுத்த பதில், எல்லாம் அந்தப் பத்து இலக்கத்தில். எந்தக் கம்பெனியையும் நாம் காதலித்ததில்லை, நம் விசுவாசம் முழுக்க எண்ணிடம். எண்ணின் குடுமியைப் பிடித்தால் ஆள் கூடவே வருவான்.

அதே 2018 நவம்பர் வாக்கில் மெசேஜ் வந்தது: 28 நாளைக்கு ஒருமுறை குறைந்தது 35 ரூபாய் போடு, இல்லாவிட்டால் இன்கமிங்கும் கட். ஆயுள் சந்தா கட்டிய தாத்தாவுக்கும் அதே மெசேஜ். தாத்தா உயிரோடு இருந்தார், ஆயுள்தான் முடிந்திருந்தது. கணக்கில் பணம் வைத்திருப்பவரைத் துண்டிக்காதீர்கள் என்று டிராய் கடிதம் எழுதியது. கம்பெனிகள் கடிதத்தை மரியாதையோடு பெற்றுக்கொண்டன. தவிர்த்த சுங்கம் பதினைந்து வருடம் கழித்து வட்டியோடு திரும்பி வந்தது.

அந்த 28 நாளும் ஒரு கலை. எந்த நாட்காட்டியிலும் இல்லாத மாதம் அது, பிப்ரவரி மட்டும் கம்பெனி கட்சி. வருடத்துக்குப் பன்னிரண்டு மாதம்தான் என்று நம்பியிருந்தவர்கள் பதின்மூன்று முறை ரீசார்ஜ் செய்தார்கள். 2022 ஜனவரியில் டிராய், முப்பது நாள் பிளான் ஒன்றாவது வையுங்கள் என்று உத்தரவிட்டது. ஒன்றாவது என்றார்கள், ஒன்று வைத்தார்கள். அதைக் கண்டுபிடிக்கிறவருக்குக் கண் நல்ல கண்.

இப்போது அந்தப் பழைய வழக்கு. 2019 அக்டோபர் 24, உச்ச நீதிமன்றம் சொன்னது: எல்லா வருமானமும் வருமானம்தான். கம்பெனிகள் பல்லாண்டுப் பாக்கியும் வட்டியும் அபராதமுமாக லட்சம் கோடிக் கணக்கில் கட்ட வேண்டும். பழைய சாமான் விற்றதற்கு அரசாங்கத்துக்குப் பங்கு தராமல் தர்க்கம் பேசியவர்கள் அவர்கள், பில் வந்தது நமக்கு. டிசம்பர் 2019-ல் சில பிளான்களில் நாற்பது சதவீதத்துக்கும் மேல் ஏற்றம். 2021 நவம்பரில் இருபது, இருபத்தைந்து சதவீதம். மூன்று கம்பெனியும் ஒரே வாரத்தில் ஏற்றின, வாரக் கடைசியில் மூன்று பேர் முகத்திலும் ஆச்சரியம். ஏர்டெல்லில் எண்ணை உயிரோடு வைத்திருக்க 2018 இறுதியில் 35 ரூபாய். 2021 முடிவில் 99. 2024 ஜூலைக்குப் பிறகு 199.

நியாயம் பேசவும் வேண்டும். ஜியோ வருவதற்கு முன் ஒரு ஜி.பி.க்குக் கொடுத்ததற்கு இன்றைக்கு மூட்டை மூட்டையாகக் கிடைக்கிறது. உலகத்தில் இவ்வளவு மலிவாக இணையம் கிடைக்கிற ஊர்கள் குறைவு. பட்டன் போன் வைத்திருக்கிற பாட்டிக்கு அந்த மூட்டை எதற்கு என்ற கேள்விக்குத்தான் யாரிடமும் பதில் இல்லை. தினம் ஒன்றரை ஜி.பி.யை நள்ளிரவில் கம்பெனி பாட்டிக்குத் தருகிறது, அடுத்த நள்ளிரவில் தொடாமல் திரும்ப எடுத்துக்கொள்கிறது. 2024 டிசம்பரில் டிராய், பேசுவதற்கு மட்டுமான பிளான் வேண்டும் என்றது. கம்பெனிகள் பிளானிலிருந்து இணையத்தை உருவிக்கொண்டு விலையில் கொஞ்சம் சுரண்டிக் கொடுத்தன.

2024 ஜூலை ஏற்றத்துக்கு ஜனங்கள் கொதித்தார்கள். ஏற்றாமல் இருந்த ஒரே கம்பெனி பி.எஸ்.என்.எல். நாட்டுப்பற்று பொங்கியது. ஜூலையில் மட்டும் பி.எஸ்.என்.எல்.லுக்குச் சுமார் 29 லட்சம் பேர் கூடினார்கள், ஆகஸ்டில் இன்னும் 25 லட்சம். அந்த ஆகஸ்டில் ஜியோ நாற்பது லட்சம் பேரை இழந்தது. இவ்வளவு கூட்டத்தைக் கனவிலும் எதிர்பார்க்காத பி.எஸ்.என்.எல்., 4ஜி டவர்களை அப்போதுதான் நட்டுக்கொண்டிருந்தது. போனவர்கள் மொட்டை மாடிக்கு ஏறி, வலது கையை உயர்த்தி, ஒரு காலில் நின்று, யூடியூப் வட்டம் சுற்றுவதைப் பார்த்தார்கள். தேசபக்தி நவம்பர் வரை தாங்கியது. அந்த மாதம் பி.எஸ்.என்.எல். மூன்று லட்சத்துக்கும் மேல் இழந்தது, ஜியோ பன்னிரண்டு லட்சம் சேர்த்தது.

திரும்பி வந்தவர்களுக்கு ராஜமரியாதை. எந்த ஊர் பஸ் ஸ்டாண்டு வாசலிலும் வண்ணக் குடையை விரித்து, மேசை போட்டு உட்கார்ந்திருக்கிற பையனிடம் போய்ப் பாருங்கள். போர்ட் ஆகி வந்தால் சிம் இலவசம், முதல் ரீசார்ஜில் கழிவு. பக்கத்தில் ஒரு பெரியவர் நின்று கேட்டுக்கொண்டே இருப்பார்.

“ஏம்ப்பா தம்பி, பதினஞ்சு வருஷமா இதே நம்பர், இதே கம்பெனி. எனக்கு ஒண்ணும் கிடையாதா?”

“பழைய கஸ்டமருக்கு ஆஃபர் இல்லைங்க சார். வேற கம்பெனிக்கு மாறி தொண்ணூறு நாள் இருந்துட்டு, இங்க வந்தீங்கன்னா புது கஸ்டமர் ஆயிடுவீங்க.”

“அப்போ என்னைப் போகச் சொல்றியா?”

“ஐயோ, அப்படிச் சொல்வேனா சார்? போயிட்டு வாங்க.”